வெள்ளிக்காது: கிண்ணமும் குப்பியும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு காளானைப் பற்றி. குடையும் தண்டுமாக நிற்கும் காளான் அல்ல இது. பட்டுப்போன மரக்கிளையில், மழை ஓய்ந்த பிறகு, வெள்ளை வெளேரென்று மடிப்பு மடிப்பாகப் புறப்படும் கூழ்க்காளான். தொட்டால் வழுக்கும், தட்டினால் நடுங்கும். சீனர்கள் இதை ‘யின் அர்’ என்பார்கள். வெள்ளிக்காது என்று பொருள். நானும் வெள்ளிக்காது என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அறிவியல் உலகம் இதற்கு வைத்திருக்கும் பெயர் டிரெமெல்லா ஃபூசிஃபார்மிஸ். 1856-ஆம் ஆண்டில் அந்தப் பெயரைச் சூட்டியவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் கையில் இருந்த மாதிரி சீனாவிலிருந்து வந்ததில்லை. ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளர் பிரேசிலில் சேகரித்தது. ஆக, வெப்பநாடுகள் பலவற்றிலும் முளைக்கிற காளான்தான். ஆனால் அதை அடுப்படிக்குக் கொண்டுவந்து, விருந்தாக்கி, மருந்தாக்கி, பெருவணிகமாகவும் ஆக்கிய நாடு சீனா. ஆகவே நம் பேச்சும் பெரும்பாலும் சீனாவைச் சுற்றித்தான் நடக்கும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கிண்ணத்தில் இருக்கும் வெள்ளிக்காது வேறு, மாத்திரைக் குப்பியில் இருக்கும் வெள்ளிக்காது வேறு. கிண்ணம் சம்பாதித்த நற்பெயரைக் குப்பி கடன் வாங்கி விற்கிறது. அந்தக் கடன் செல்லுமா, செல்லாதா? அதைத்தான் இன்று விசாரிக்கப் போகிறோம்.

முதலில் கிண்ணத்தைப் பார்ப்போம். காய்ந்த வெள்ளிக்காது கடையில் உள்ளங்கை அகலப் பூவாகக் கிடைக்கும், அழுத்தினால் நொறுங்கிவிடும். அதைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் பல மடங்கு உப்பி, மடல்கள் விரிந்து, பின்னால் பிடித்த விரல் தெரியும் அளவுக்கு மெல்லியதாகிவிடும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மஞ்சளாக ஒரு கெட்டிக் குமிழ் இருக்கும். காளான் மரத்தைப் பற்றிக்கொண்டிருந்த இடம் அது. கத்தரிக்கோலால் அதை வெட்டி எறிந்துவிட்டு, மடல்களைச் சிறு சிறு துண்டுகளாகக் கிள்ளிப் போட்டுச் சிறுதீயில் வேகவைப்பார்கள். சீக்கிரம் இறக்கினால் நறுக்கென்று கடிபடும். இரண்டு மணி நேரம் பொறுத்தால் மடல் தளர்ந்து, சுற்றியுள்ள தண்ணீரே கொழகொழவென்று கஞ்சிப்பதம் ஆகிவிடும். அதில் தாமரை விதை, சீன இலந்தை, கோஜிப் பழம், கற்கண்டு. காளானுக்கென்று சொல்லிக்கொள்ளும்படியான சுவை இல்லை, மணமும் இல்லை. சேர்ந்த பொருளின் சுவையை வாங்கிக்கொண்டு, தன் பங்குக்குப் பதத்தை மட்டும் தருகிறது. சிங்கப்பூர் உணவங்காடியில் ‘செங் தெங்’ வாங்கிக் குடித்த தமிழர்கள், பெயர் தெரியாமலே இதைத் தின்றிருப்பார்கள். லாங்கன் பழத்துக்கும் பார்லிக்கும் கிங்கோ விதைக்கும் நடுவே மிதக்கும் வெள்ளைத் துண்டு இதுதான். நுரையீரலின் வறட்சியைப் போக்கும், வறட்டு இருமலைத் தணிக்கும், மேனிக்கு மினுமினுப்புத் தரும் என்பது சீன மருத்துவ மரபின் வாக்கு. இலையுதிர் காலத்தில் காற்று உலர்ந்து தொண்டை வறளும்போது சீன வீடுகளில் இந்தக் கிண்ணம் தேடி வரும்.

இந்தக் கிண்ணத்தின் வயது என்ன? விளம்பரங்களைக் கேட்டால் ஆயிரம் ஆண்டு, இரண்டாயிரம் ஆண்டு என்று அளந்துவிடுவார்கள். தாங் பேரரசின் அழகி யாங் குய்ஃபெய் தன் எழிலுக்காக இதைத்தான் அருந்தினாள் என்பார்கள். கேட்க இனிமையான கதை. எட்டாம் நூற்றாண்டில் மறைந்தவள் மறுத்துப் பேச வரப்போவதும் இல்லை. மரக்காளான்களைப் பற்றிய குறிப்புகள் பழைய சீன மருந்து நூல்களில் உண்டு என்பது மெய்தான். ஆனால் ஒரு குறிப்பு இருப்பது வேறு, ஊரே உண்டது வேறு. ஊரே உண்டிருக்க முடியாது என்பதற்கு அந்தக் காளானின் பிழைப்பே சாட்சி. வெள்ளிக்காதால் மரத்தைத் தானாகச் செரிக்க முடியாது. அனுலோஹைப்பாக்சிலான் ஆர்ச்செரி என்ற இன்னொரு பூஞ்சை அந்த மரத்தில் முன்பே குடியேறியிருக்க வேண்டும். மரத்தைச் சிதைக்கும் வேலை அதனுடையது. வெள்ளிக்காது அதை அண்டிப் பிழைக்கும் விருந்தாளி. இந்த இரகசியம் யாருக்கும் தெரியாத காலத்தில், சிச்சுவான் மாகாணத்தின் தோங்ஜியாங் மலைகளில் ஓக் வகை மரங்களை வெட்டி, துண்டு போட்டு, நிழலில் அடுக்கிவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். இரண்டு பூஞ்சைகளும் ஒரே கட்டையில் தற்செயலாகச் சந்தித்தால் விளைச்சல், சந்திக்காவிட்டால் விறகு. அப்படிக் கிடைத்த பொருள் யார் வீட்டுக்குப் போயிருக்கும்? செல்வர் வீட்டுக்கும் அரண்மனைக்கும்தான் போயிருக்கும். உழவனுக்கும் கூலிக்காரனுக்கும் அது கண்ணால் காணும் பொருளாகக்கூட இருந்திருக்காது.

அது எப்போது ஏழை வீட்டுக்கு வந்தது? 1941-இல் குய்சோ மாகாணத்தில் யாங் சின்மெய் என்ற அறிஞர் வெள்ளிக்காதின் வித்துகளைக் கரைசலாக்கி மரக்கட்டைகளில் இட்டுச் சோதித்தார். குருட்டு அதிர்ஷ்டத்துக்கு அறிவியல் வைத்த முதல் ஆப்புகளில் ஒன்று அது. பிறகு, இந்தக் காளானைத் தனியாக விதைத்தால் போதாது, துணைப் பூஞ்சையையும் சேர்த்தே விதைக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1970-களில் ஃபூஜியான் மாகாணத்தின் கூத்தியான் வட்டாரத்தில் யாவ் ஷூசியன் என்பவர் மரக்கட்டையை விட்டுவிட்டு, மரத்தூள் நிரப்பிய புட்டிகளில் இதை வளர்த்துக் காட்டினார். அதே ஊர்க்காரரான தாய் வெய்ஹாவ் புட்டியையும் விட்டுப் பிளாஸ்டிக் பைக்கு வந்தார். அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு காளான் அறை முளைத்தது. பருத்திக்கொட்டை உமி, கோதுமைத் தவிடு, ஜிப்சம் கலந்து நீளப் பையில் திணித்து, ஆவியில் அவித்து, பக்கவாட்டில் சில துளைகள் இட்டு, இரண்டு பூஞ்சைகளையும் சேர்த்த விதையை அதில் வைப்பார்கள். ஏறக்குறைய நாற்பது நாளில் ஒவ்வொரு துளையிலும் ஒரு பூ திரண்டுவிடும். 1997-ஆம் ஆண்டில் சீனாவின் விளைச்சல் 1,30,000 டன் என்று மதிப்பிடப்பட்டது. அரண்மனைப் பண்டம் இப்படித்தான் மளிகைக்கடைக்கு வந்தது. பறவைக்கூட்டுச் சூப் வாங்க வழியில்லாதவர்களின் பறவைக்கூடு என்ற பெயரும் அதனோடு ஒட்டிக்கொண்டது.

இந்த வரலாற்றை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன்? குப்பியை விற்பவர் வைக்கும் முதல் வாதமே வயதுதான். “கோடிக்கணக்கான மக்கள் பல நூற்றாண்டுகளாக உண்ட பொருளய்யா, இதைவிடப் பெரிய சோதனை உண்டா?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் கோடிக்கணக்கான மக்கள் இதை உண்ணத் தொடங்கி ஐம்பது ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் உண்டவர்கள் கொஞ்சம் பேர். அவர்களும் நல்ல சோறும் நல்ல உறக்கமும் கைக்கெட்டிய வைத்தியரும் வாய்த்த செல்வர்கள். அவர்களின் மேனி மினுமினுத்ததற்குக் காரணம் காளானா, களைப்பறியாத வாழ்க்கையா? யார் பிரித்துப் பார்த்தார்கள்? இன்னொன்றும் உண்டு. உண்மையிலேயே ஆயிரம் ஆண்டு உண்டதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரம் ஆண்டும் எதற்குச் சாட்சி சொல்லும்? தண்ணீரில் ஊறி, மணிக்கணக்கில் வெந்து, வாரத்துக்கு ஒரு முறையோ பருவத்துக்குச் சில முறையோ கிண்ணத்தில் வந்த உணவு கேடு செய்யவில்லை என்பதற்குச் சாட்சி சொல்லும். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாது. நம் வீட்டு ரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு நல்லது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். அதற்காக, மிளகிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சத்தை ஒருவர் குப்பியில் அடைத்து, தினம் மூன்று வேளை விழுங்குங்கள் என்று விற்றால், ரசம் வைத்த பாட்டிமார் அத்தனை பேரும் அவருக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுவார்களா?

சரி, குப்பிக்குள் இருப்பதுதான் என்ன? இங்கேதான் நாம் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். வெள்ளிக்காது என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் சந்தையில் உலவுகின்றன. முதல் வகை, காய்ந்த காளானை அப்படியே அரைத்த தூள். ஒரு பானைக் கஞ்சிக்குப் பத்துப் பதினைந்து கிராம் காய்ந்த காளான் போடுகிறார்கள். ஒரு மாத்திரையில் அரை கிராம் தூள் என்றால், பத்து கிராமை எட்ட இருபது மாத்திரை விழுங்க வேண்டும். அதாவது மளிகைக்கடையில் மலிவாகக் கிடைப்பதைத் துளித்துளியாக, பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம். இரண்டாம் வகை, காளானிலிருந்து வெந்நீரால் பிரித்தெடுத்த சாறு. கிண்ணத்தில் கஞ்சியைக் கொழகொழப்பாக்கியதே, அந்தப் பாலிசாக்கரைடுதான் இதில் முக்கியச் சரக்கு. மன்னோஸ் என்ற சர்க்கரையால் ஆன முதுகெலும்பும், சைலோஸ், குளுக்குரோனிக் அமிலம் போன்ற கிளைகளும் கொண்ட நீண்ட சங்கிலி அது. மூன்றாம் வகை இன்னும் விசித்திரமானது. வெள்ளிக்காதுக்கு ஈஸ்ட் போன்ற ஒற்றைச் செல் பருவம் ஒன்று உண்டு. அந்தச் செல்களைத் தொட்டிகளில் நொதிக்கவைத்துப் பெருக்கி, அதிலிருந்து பாலிசாக்கரைடை எடுக்கிறார்கள். அதில் பூவும் இல்லை, மடலும் இல்லை, மரமும் இல்லை. தொழில்நுட்பம் என்ற அளவில் இது பாராட்டத்தக்கது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தச் சீனப் பாட்டி இதைச் சமைத்தாள்? எந்த அரசி இதை அருந்தினாள்? தூள் என்றால் அது சிறுத்துப்போன கிண்ணம். சாறு என்றால், தொட்டிச் சரக்கு என்றால், அது மரபு கண்டிராத புதுப்பொருள். புதுப்பொருளுக்குப் பழம்பெயர் சூட்டினால் அதன் வயது கூடிவிடுமா?

அடுத்து, குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படிப்போம். ‘தாவரக் கொலாஜன்’ என்று ஒரு விளம்பரம். கொலாஜன் என்பது விலங்குடலில் உண்டாகும் புரதம். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் அதைக் காணலாம். காளானில் அது கிடையாது. பிசுபிசுப்பாக இருப்பதெல்லாம் கொலாஜன் என்றால் வெண்டைக்காயிலும் கொலாஜன் இருக்க வேண்டும்! இன்னொரு விளம்பரம் ஹயலுரானிக் அமிலத்தோடு சொந்தம் கொண்டாடுகிறது. இதில் ஓரளவு பொருள் உண்டு. இரண்டிலும் குளுக்குரோனிக் அமிலம் இருக்கிறது, இரண்டும் தண்ணீரை ஏராளமாகப் பிடித்துவைக்கும். அதனால்தான் முகப்பூச்சுகளில் வெள்ளிக்காதுச் சாறு சேர்கிறது. தோலின் மேல் தடவினால் ஈரம் தங்கும் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் தோலின் மேல் தடவியது செய்யும் வேலையை வயிற்றுக்குள் போனதும் செய்யும் என்பது எந்த ஊர்க் கணக்கு? இந்த நீண்ட சங்கிலியை அறுக்கும் நொதி நம் குடலில் சுரப்பதில்லை. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை நொதிக்கவைக்கும். எஞ்சியது நார்ச்சத்தாக வெளியேறும். நார்ச்சத்து நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கீரையிலும் அவரையிலும் அது மலிவாகக் கிடைக்கிறது.

“அப்படியானால் ஆய்வுகளே நடக்கவில்லையா?” என்று கேட்பீர்கள். நடந்திருக்கின்றன. 1972-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், வெள்ளிக்காதுப் பாலிசாக்கரைடு எலிகளில் சார்க்கோமா 180 என்ற கட்டியின் வளர்ச்சியைத் தடுத்ததாக அறிவித்தார்கள். அதன் பிறகு எலி எலியாக, செல் தட்டு செல் தட்டாக எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. ஆனால் அரை நூற்றாண்டு கடந்தும் புற்றுக்கட்டியைக் கரைக்கும் மருந்தாக அது உலகில் எங்கும் நிலைபெறவில்லை. சீனாவில், புற்றுநோய்ச் சிகிச்சையின்போது குறைந்துபோகும் வெள்ளணுக்களை உயர்த்துவதற்காக இந்தப் பாலிசாக்கரைடு மாத்திரை வடிவில் பயன்படுகிறது. நேர்மையாகப் பேச வேண்டுமானால் அதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கேகூட அது சிகிச்சைக்குத் துணைதான், சிகிச்சை அல்ல. மனிதர்களிடம் முறையாக நடந்த சோதனைகள் மிகக் கொஞ்சம். 2018-இல் வெளியான கொரிய ஆய்வு அதில் ஒன்று. நினைவு மங்குவதாகத் தாமே குறைபட்டுக்கொண்ட 75 பேரை மூன்று பிரிவாக்கி, எட்டு வாரம், ஒரு பிரிவுக்குத் தினம் 600 மில்லிகிராம், இன்னொரு பிரிவுக்கு 1,200 மில்லிகிராம், மூன்றாம் பிரிவுக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். காளானை உண்டவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது என்பதே அறிக்கை. வரவேற்க வேண்டிய ஆய்வுதான். ஆனால் எழுபத்தைந்து பேர், எட்டே வாரம். இதை வைத்து இன்னும் பெரிய ஆய்வு நடத்தக் கேட்கலாம். ‘மறதிக்கு மாமருந்து’ என்று விளம்பரம் எழுதலாமா?

இங்கே கற்றவர்கள் ஒரு கனமான எதிர்வாதத்தை எடுப்பார்கள். “பழைய வைத்தியத்திலிருந்து சாரத்தைப் பிரித்தெடுத்துத்தானே நவீன மருந்து வளர்ந்தது? கிண்ணத்திலிருந்து குப்பிக்குப் போவதே தவறென்றால் மருந்தே பிறந்திருக்காதே!” என்பார்கள். சரியான கேள்வி. இதற்கு விடை சீனாவிலேயே இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்து தேடி 1967-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் சேர்ந்து உழைத்த தூ யூயூ, பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய கைந்நூலில், ஒரு மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பொறி தட்டிற்று. 1971-இல் ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார், அது வேலை செய்தது. அதோடு கடைக்கு அனுப்பிவிட்டாரா? இல்லை. விலங்குகளில் சோதித்தார். 1972-இல் தாமும் தம் தோழர்களும் முதலில் விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு நோயாளிகளிடம் சோதித்தார்கள். அதிலிருந்து வேதிப்பொருளைத் தனியாக்கி, அமைப்பைக் கண்டுபிடித்து, அளவை வரையறுத்தார்கள். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருக்குப் பழைய ஏடு ஒரு துப்பு, தீர்ப்பு அல்ல. துப்பைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு வரைக்கும் நடந்தார். வெள்ளிக்காதுக் குப்பிக்காரர் துப்பையே தீர்ப்பாக வாசிக்கிறார். என் சண்டை அதோடுதான். அமெரிக்காவில் 1994-இல் வந்த உணவுத்துணைச் சட்டம் இதற்கு வாகாகவும் அமைந்துவிட்டது. நோயைக் குணமாக்கும் என்று எழுதக்கூடாது; ‘உடலின் எதிர்ப்பாற்றலுக்குத் துணைநிற்கும்’ என்று எழுதிக்கொள்ளலாம். அதற்கு விற்பனைக்கு முந்திய அரசு ஒப்புதல் வேண்டாம். துணைநிற்கும் என்ற சொல்லுக்கு எல்லை எது, அளவு எது?

“இருக்கட்டுமே, நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாதல்லவா?” இது கடைசி எதிர்வாதம், மக்கள் மனத்தில் ஆழமாக வேரூன்றியதும்கூட. பெரும்பாலோருக்குச் சமைத்த வெள்ளிக்காது தீங்கற்ற உணவு. அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் செறிவாக்கிய சாற்றுக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது. இதன் சமையலறைத் தோழனான கருங்காதுக் காளானைப் பாருங்கள். 1980-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேல் ஹேமர்ஷ்மிட் என்ற மருத்துவர் இரத்தத் தட்டணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒருவரின் தட்டணுக்கள் சரியாக ஒட்டிச் சேரவில்லை. துருவிப் பார்த்ததில், அவர் சிச்சுவான் பாணியில் சமைத்த மாபோ தோஃபு சாப்பிட்டிருந்தார். அதில் கருங்காது இருந்தது. உணவுத் தட்டில் இருந்தபோதே இரத்தத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறது ஒரு காளான். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்களும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும், எந்தக் காளான் மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லாமல் விழுங்கக்கூடாது என்பதற்கு இது போதாதா? அதைவிடப் பெரிய தீமை குப்பிக்கு வெளியே இருக்கிறது. புற்றுநோய் வந்தவர் எலிக் கட்டுரையை நம்பி மூன்று மாதம் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டால், மாத்திரையில் நஞ்சு இல்லை என்பது அவருக்கு என்ன ஆறுதல்?

கிண்ணத்தின் பக்கம் நின்று இவ்வளவு பேசிவிட்டு, கிண்ணத்தின் ஆபத்தை மறைத்தால் நடுநிலை ஆகாது. பர்கோல்டேரியா கிளாடியோலி என்ற பாக்டீரியாவில் ஒரு வகை, பொங்கிரெக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கும். முதலில் இது ஜாவாவில், தேங்காய்ப் பிண்ணாக்கில் செய்யும் ‘தெம்பே பொங்கிரெக்’ என்ற உணவில் கண்டுபிடிக்கப்பட்டது. செல்லுக்குள் ஆற்றல் பரிமாற்றம் நடக்கும் வாசலையே அடைத்துவிடும் நஞ்சு இது. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை, கொதிக்கவைத்தாலும் அழியாது. சீனாவில் 2020 அக்டோபரில் ஜிக்ஸி நகரில் புளித்த சோள நூடுல்ஸ் உண்ட ஒன்பது பேர் மாண்டது இதனால்தான். கெட்டுப்போன புதிய வெள்ளிக்காதாலும், நெடுநேரம் ஊறிய மரக்காளான்களாலும் அங்கே இதே நஞ்சு பரவியிருக்கிறது. ஆகவே வாங்குபவர்களுக்குச் சில சொற்கள். பளீரென்று வெளுத்த பூவை எடுக்காதீர்கள், கந்தகப் புகை போட்டு வெளுத்திருக்கலாம். இலேசான மஞ்சள் சாயல்தான் இயற்கை. மூக்கருகே பிடித்துப் பாருங்கள், காரமான நெடி அடித்தால் திருப்பிக் கொடுங்கள். ஓரிரு மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்காதீர்கள். மாலையில் ஊறப்போட்டுக் காலையில் சமைக்கும் வழக்கம் இதற்கு ஆகாது. ஊறியபின் மடல் குழைந்து பிசுக்காக நூல்விட்டால், எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் குப்பையில் போடுங்கள். குப்பிதான் வேண்டும் என்பவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது தூளா, சாறா, தொட்டிச் சரக்கா? இதே சரக்கை இதே அளவில் எத்தனை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள்? நான் உண்ணும் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகும் என்று யார் சொன்னது? பதில் வரும்வரை பணப்பை மூடியே இருக்கட்டும்.